மலேசியாவில் சூதாட்டச் சட்டங்களும் இணையவழிப் பந்தயமும்

மலேசியாவில் சூதாட்டம் என்பது பொதுவாகச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதும், அரசின் உரிமம் பெற்ற சில நிறுவனங்களுக்கு மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கப்பட்டதுமான ஒரு செயற்பாடு ஆகும். இஸ்லாம் கூட்டரசின் சமயமாக உள்ள இந்நாட்டில், முஸ்லிம்கள் எவ்வகையான சூதாட்டத்திலும் ஈடுபடுவது சரியா சட்டங்களின்படி குற்றமாகும். முஸ்லிம் அல்லாதோர் உரிமம் பெற்ற சூதாட்டக்கூடம், எண் குலுக்கல், குதிரைப்பந்தயம் ஆகியவற்றில் ஈடுபடலாம். இவ்வாறு ஒரே நாட்டில், ஒரே செயல், அதைச் செய்பவரின் சமயத்தைப் பொறுத்துச் சட்டப்படியானதாகவோ குற்றமாகவோ அமைகின்றது.

இச்சட்டங்களுள் பெரும்பாலானவை 1950களில் இயற்றப்பட்டவை. கட்டடம், மேசை, சீட்டு, தரகர் என்று கண்ணுக்குத் தெரியும் பொருட்களையும் ஆட்களையும் கருத்தில் கொண்டு அவை எழுதப்பட்டன. கைபேசி வழியாக நடைபெறும் இன்றைய பந்தயத்துக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது சட்ட வல்லுநர்களிடையேயும் அரசியலிலும் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகின்றது.

பின்னணி

2020 ஆம் ஆண்டின் குடிமதிப்பீட்டின்படி மலேசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 24 இலட்சம் ஆகும். இவர்களுள் 63.5% முஸ்லிம்கள், 18.7% பௌத்தர்கள், 9.1% கிறித்தவர்கள், 6.1% இந்துக்கள். மலாய்க்காரர்கள் அனைவரும் அரசியலமைப்பின் வரைவிலக்கணப்படி முஸ்லிம்கள் ஆவர். சீனர்களிலும் இந்தியர்களிலும் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதோர். எனவே சூதாட்டம் பற்றிய கொள்கை எதுவும் இந்நாட்டில் சமயம், இனம் ஆகிய இரண்டையும் ஒருங்கே தொடுகின்றது.

இஸ்லாமியச் சட்டவியலில் சூதாட்டம் மைசிர் எனப்படுகின்றது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவையும் சூதாட்டத்தையும் ஒருசேரக் கண்டித்து, அவற்றை விலக்குமாறு கூறுகின்றது. உழைப்போ பண்டமாற்றோ இன்றி ஒருவரின் இழப்பு மற்றவரின் ஆதாயமாவதும், அதனால் பகைமை வளர்வதும் இத்தடைக்கான காரணங்களாக அறிஞர்களால் விளக்கப்படுகின்றன. இத்தடை விளையாடுவதோடு நிற்பதில்லை. சூதாட்டத்தால் கிடைத்த பணத்தைப் பெறுவதும் பல அறிஞர்களால் விலக்கப்பட்டதாகக் கருதப்படுகின்றது. மலேசியப் பங்குச் சந்தையில் சரியாவுக்கு இசைவான பங்குகளைப் பட்டியலிடும் பிணையங்கள் ஆணையம், ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு 5% என்னும் அளவுக்குள் இருக்கவேண்டும் என்று வரையறுத்துள்ளது.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாய் அரசுகளிலும் பிரித்தானியரின் ஆட்சிப் பகுதிகளிலும் சூதாட்டம் வரிக்குத்தகை முறையில் நடத்தப்பட்டது. அபினி, மது, சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் தனியுரிமை, கூடிய தொகை தருபவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே இவற்றின் முதன்மையான வாடிக்கையாளர்கள். கோலாலம்பூரின் தொடக்கக்காலத் தலைவர்களுள் ஒருவரான யாப் ஆ லோய் உள்ளிட்ட சீனக் கப்பித்தான்களின் செல்வத்தில் இக்குத்தகைகளுக்கும் பங்கு இருந்தது. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி சூதாட்டக் கொட்டகையின் வழியாக மீண்டும் முதலாளியிடமே சென்று சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது.

விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் இன்றைய சட்டங்களின் அடித்தளம் இடப்பட்டது. 1952 ஆம் ஆண்டில் குலுக்கல் சட்டமும், 1953 ஆம் ஆண்டில் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம், பந்தயச் சட்டம் ஆகியனவும் இயற்றப்பட்டன. விடுதலைக்குப் பின்னர் 1961 ஆம் ஆண்டில் குதிரைப்பந்தய வாரியத்துக்கான சட்டமும், 1967 ஆம் ஆண்டில் தொகுப்புப் பந்தயச் சட்டமும் சேர்க்கப்பட்டன. முன்னைய சட்டங்கள் தடுப்பதையும் பின்னையவை அனுமதித்து ஒழுங்குபடுத்துவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தன.

1969 ஆம் ஆண்டில், துங்கு அப்துல் ரகுமான் தலைமை அமைச்சராக இருந்தபோது, தொழிலதிபர் லிம் கோ தோங்குக்குக் கெந்திங் மலையில் சூதாட்டக்கூடம் நடத்த உரிமம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில், விளையாட்டுக்கும் இளையோர் வளர்ச்சிக்கும் நிதி திரட்டும் நோக்குடன் அரசு ஸ்போர்ட்ஸ் டோட்டோ நிறுவனத்தை உருவாக்கியது. 1985 ஆம் ஆண்டில் இது தனியார்மயமாக்கப்பட்டது. பான் மலேசியன் பூல்ஸ் நிறுவனம் 1988 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த தஞ்சோங் குழுமம், இலங்கைத் தமிழ் வழிவந்த மலேசியத் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனுக்கு உரியதாக இருந்தது. மறுபுறம், அரசே நேரடியாக நடத்தி வந்த சமூக நல லாட்டரி, மகாதீர் முகமது தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், 1991 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அரசு தானே சூதாட்டம் நடத்துவதிலிருந்து விலகியது. தனியார் நடத்தும் சூதாட்டத்தின் மீதான வரி தொடர்ந்தது.

சட்டக் கட்டமைப்பு

குடியியல் மற்றும் குற்றவியல் சட்டங்கள்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் பந்தயமும் குலுக்கல்களும் கூட்டரசுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எனவே இவை பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. உரிமம் வழங்கும் பொறுப்பு நிதி அமைச்சிடம் உள்ளது. முதன்மையான சட்டங்கள் பின்வருமாறு:

- பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம், 1953: சூதாட்டத்துக்காக ஓர் இடத்தை வைத்திருப்பதும், அங்கு சென்று விளையாடுவதும் குற்றமாகும். விளையாடுபவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இச்சட்டத்தின் 27அ பிரிவு, குறிப்பிட்ட நிறுவனத்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகின்றது. சூதாட்டக்கூடம் இயங்குவது இப்பிரிவின் அடிப்படையிலேயே ஆகும்.
- பந்தயச் சட்டம், 1953: பந்தயத் தரகர்களையும் பந்தய இல்லங்களையும் தடை செய்கின்றது. தரகருக்கு 2 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.
- குலுக்கல் சட்டம், 1952: உரிமம் பெறாத பொதுக் குலுக்கல்களைத் தடுக்கின்றது.
- தொகுப்புப் பந்தயச் சட்டம், 1967: எண் குலுக்கல் போன்ற தொகுப்புப் பந்தயங்களுக்கு உரிமம் வழங்குவது பற்றியது.

சரியா சட்டங்கள்

இஸ்லாமிய சமயம் தொடர்பான சட்டங்கள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஒவ்வொரு மாநிலமும் முஸ்லிம்களுக்கான தனிச் சரியா குற்றச் சட்டத்தைக் கொண்டுள்ளது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கு 1997 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதன் 18 ஆம் பிரிவின்படி, சூதாடும் முஸ்லிமுக்கு மட்டுமன்றி, சூதாட்ட இல்லத்தில் காணப்படும் முஸ்லிமுக்கும் 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரியா நீதிமன்றங்கள் விதிக்கக்கூடிய தண்டனையின் உச்ச அளவை நாடாளுமன்றச் சட்டம் ஒன்று வரையறுக்கின்றது: மூன்றாண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி.

ஒப்பந்தமும் கடனும்

1950 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் குடியியல் சட்டமும் பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை எனக் கூறுகின்றன. அதாவது, பந்தயத்தில் வென்ற தொகையை வழக்குத் தொடுத்துப் பெற இயலாது. வெளிநாட்டில் சட்டப்படி ஏற்பட்ட சூதாட்டக் கடனை மலேசியாவில் வசூலிக்கலாமா என்னும் வினாவும் நீதிமன்றங்களுக்கு வந்துள்ளது. 2005 ஆம் ஆண்டில் இலண்டன் சூதாட்டக்கூடம் ஒன்று அங்கு பெற்ற தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு கேட்டபோது, கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் பொதுக் கொள்கைக்கு மாறானது என்ற அடிப்படையில் அதனை மறுத்தது.

இக்கோட்பாடு இணையவழிப் பந்தயத்தில் ஈடுபடுபவரை நேரடியாகப் பாதிக்கின்றது. வெளிநாட்டு இணையத்தளமொன்று வென்ற பணத்தைத் தர மறுத்தால், முறையிடுவதற்கு அவருக்கு மன்றம் எதுவும் இல்லை. முறையிடச் செல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக முடியலாம்.

உரிமம் பெற்ற சூதாட்டம்

கெந்திங் மலை

நாட்டில் சட்டப்படி இயங்கும் ஒரே சூதாட்டக்கூடம் கெந்திங் மலையில் உள்ளது. 1971 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இது, பகாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. முஸ்லிம்களும் 21 வயதுக்குக் குறைந்தவர்களும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. உரிமம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு உரிமக் கட்டணம் 12 கோடி ரிங்கிட்டிலிருந்து 15 கோடி ரிங்கிட்டாகவும், சூதாட்டக்கூட வரி மொத்த வசூலில் 35% வரையும் உயர்த்தப்பட்டன.

நான்கு இலக்கக் குலுக்கல்

மலேசியாவில் மிகப் பரவலான சூதாட்டம் நான்கு இலக்க எண் குலுக்கல் ஆகும். மலாய் பேச்சுவழக்கில் இது நொம்போர் ஏகோர் எனப்படும். தீபகற்ப மலேசியாவில் மேக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, பான் மலேசியன் பூல்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் இதனை நடத்துகின்றன. சபா, சரவாக் மாநிலங்களில் வேறு நிறுவனங்களும் உள்ளன. புதன், சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் வழக்கமான குலுக்கல் நடைபெறும்.

இதன் கணக்கு எளிமையானது. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. பெரியது என்னும் வகையில் ஒரு ரிங்கிட் கட்டினால், முதற் பரிசு 2,500 ரிங்கிட், இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் ஒவ்வொன்றும் 180, பத்து ஆறுதல் பரிசுகள் ஒவ்வொன்றும் 60 ஆகும். பத்தாயிரம் எண்களுக்கும் ஒருவர் ஒரு ரிங்கிட் வீதம் கட்டினால், அவர் செலவிடுவது 10,000 ரிங்கிட். திரும்பப் பெறுவது 6,400 ரிங்கிட். அதாவது, நீண்ட கால அளவில் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் 64 சென் மட்டுமே பரிசாகத் திரும்புகின்றது. எஞ்சிய 36 சென்னில் வரி, நடத்துச் செலவு, நிறுவனத்தின் இலாபம் ஆகியவை அடங்கும்.

உரிமம் இல்லாத எண் குலுக்கல் தரகர்கள் எவ்வாறு நிலைத்து நிற்கின்றனர் என்பதையும் இக்கணக்கு விளக்குகின்றது. அவர்கள் வரி செலுத்துவதில்லை. அதே அதிகாரப்பூர்வக் குலுக்கலின் முடிவையே பயன்படுத்திக்கொண்டு, கூடுதலான பரிசும் கட்டணத்தில் கழிவும் தருகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடனுக்கு விளையாட அனுமதிக்கின்றனர். வாடிக்கையாளரின் சமயத்தையோ வயதையோ கேட்பதில்லை. சட்டப்படியான குலுக்கலின் மீது வரி உயரும் போதெல்லாம் இவர்களுடைய போட்டி வலிமையும் உயர்கின்றது என்று உரிமம் பெற்ற நிறுவனங்கள் வாதிடுகின்றன. 2022 டிசம்பரில் அன்வார் இப்ராகிம் தலைமையிலான அரசு, ஆண்டுக்கு 22 ஆக இருந்த சிறப்புக் குலுக்கல்களை 8 ஆகக் குறைக்க முடிவு செய்தபோதும் இதே வாதம் எழுந்தது.

கூட்டரசும் மாநிலங்களும்

குலுக்கலுக்கான உரிமத்தைக் கூட்டரசு வழங்கினாலும், கடைக்கான வணிக உரிமத்தை ஊராட்சி மன்றங்களே வழங்குகின்றன. ஊராட்சி மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இவ்விடைவெளியைப் பயன்படுத்தி, கடை உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பதன் மூலம் ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் சூதாட்டத்தை நடைமுறையில் நிறுத்திவிட இயலும். மலேசிய இஸ்லாமியக் கட்சி 1990 ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த கிளந்தானில் இவ்வழி பின்பற்றப்பட்டது.

2021 நவம்பரில் கெடா மாநில அரசு, எண் குலுக்கல் கடைகளின் உரிமங்களை இனிப் புதுப்பிப்பதில்லை என அறிவித்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் பெர்லிஸ் மாநிலமும் இதே போன்ற முடிவை அறிவித்தது. கெடாவில் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2024 ஆம் ஆண்டில் அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றம், மாநில அரசின் முடிவு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

அதே ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், நிக் எலின் வழக்கில், கிளந்தான் மாநிலத்தின் சரியா குற்றச் சட்டத்திலிருந்த 16 பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. அத்தீர்ப்பு சூதாட்டத்தை மையமாகக் கொண்டதன்று. எனினும், கூட்டரசுப் பட்டியலில் உள்ள பொருள் பற்றி மாநிலம் குற்றச் சட்டம் இயற்ற இயலுமா என்ற வினாவுக்கு அது அளித்த விடை, சூதாட்டம் பற்றிய விவாதத்திலும் எதிரொலித்தது.

இவ்வழக்குகளில் இரு தரப்பு நியாயங்களும் தெளிவானவை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலத்தின் அரசு, தன் மக்களின் ஒழுக்க நம்பிக்கைக்கு ஏற்ப ஊர்களை அமைக்க விரும்புகின்றது. முஸ்லிம் அல்லாதோரோ, தங்களுக்குச் சட்டம் அனுமதித்த ஒன்றை மற்றவரின் சமய விதியைக் கொண்டு தடுப்பது, அரசியலமைப்பு தந்த உறுதியைப் படிப்படியாகக் குறைப்பதாகும் என அஞ்சுகின்றனர். சூதாட்டத்தை விரும்பாத முஸ்லிம் அல்லாதோர் பலரும் இவ்வச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். கடைகள் மூடப்பட்ட மாநிலங்களிலும் கைபேசிகள் இயங்குகின்றன என்பது இரு தரப்பும் எதிர்கொள்ளும் உண்மை ஆகும்.

விளையாட்டுப் பந்தயம்

குதிரைப்பந்தயம் நீங்கலாக, காற்பந்து போன்ற விளையாட்டுக்களின் மீது பந்தயம் கட்டுவதற்கு மலேசியாவில் அனுமதி இல்லை. ஆயினும் காற்பந்துப் பந்தயம் நெடுங்காலமாக மறைவில் நடைபெற்று வருகின்றது. 1994-95 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆட்ட முடிவு மோசடி, அதன் விளைவை நாட்டுக்கு உணர்த்தியது. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கப்பட்டனர். மலேசியக் காற்பந்தின் தரம் அதன் பின்னர் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சுட்டப்படுகின்றது.

2010 ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டிக்கு முன்னர், அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் வழங்கும் திட்டம் வெளியானது. மறைவில் செல்லும் பணத்தை வெளிக்கொணர்ந்து வரி பெறலாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். இஸ்லாமிய அமைப்புக்களும், எதிர்க்கட்சிகளும், வேறு சமய அமைப்புக்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்க்கட்சிகள் ஆண்ட சில மாநிலங்கள் பந்தயக் கடைகளுக்கு இடமளிக்கப் போவதில்லை என்றன. 2010 சூனில் தலைமை அமைச்சர் நஜீப் ரசாக், உரிமம் வழங்கப்படமாட்டாது என அறிவித்தார். பெரும் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் காலங்களில் காவல்துறை ஓப் சோகா என்னும் பெயரில் சிறப்பு நடவடிக்கையை மேற்கொள்வது வழக்கமாக உள்ளது.

இணையவழிப் பந்தயம்

செயற்படும் முறை

இணையவழிச் சூதாட்டக்கூடம் நடத்துவதற்கு மலேசியாவில் எவருக்கும் உரிமம் வழங்கப்படவில்லை. ஆயினும் வெளிநாடுகளில் நிறுவப்பட்ட வழங்கிகளிலிருந்து இயங்கும் தளங்கள் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மலேசியர்களை நாடுகின்றன. பல விளையாட்டுச் செயலிகள் அதிகாரப்பூர்வச் செயலிக் கடைகளில் கிடைப்பதில்லை. முகவர்கள் அனுப்பும் இணைப்பின் மூலம் அவை கைபேசியில் நிறுவப்படுகின்றன.

பொதுவாக ஒரு முகவர் வாட்சப் அல்லது டெலிகிராம் வழியாக வாடிக்கையாளரைச் சேர்த்து, கணக்கு ஒன்றைத் திறந்து தருவார். வாடிக்கையாளர் உள்ளூர் வங்கிக் கணக்கொன்றுக்குப் பணம் அனுப்புவார். அக்கணக்கு பெரும்பாலும் வேறொருவரின் பெயரில் இருக்கும். சிறு தொகைக்காகத் தம் வங்கி அட்டையையும் கடவுச்சொல்லையும் பிறருக்குக் கொடுத்தவரின் கணக்கு அது. இவ்வாறான இரவல் கணக்குகளை ஒடுக்குவதற்காக 2024 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. கணக்கைக் கொடுப்பவர்களுள் மாணவர்களும் வேலையற்றோரும் இருப்பதால், இத்தொழிலில் முதலில் அகப்படுபவர்கள் அவர்களாகவே உள்ளனர். தளத்தின் உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார்.

மலேசியாவிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நோக்கி இயங்கும் அழைப்பு மையங்களும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு எடுத்த வீடுகளில் இயங்கிய இத்தகைய மையங்களைக் காவல்துறை பலமுறை சுற்றி வளைத்துள்ளது.

சட்டத்தின் இடைவெளி

1953 ஆம் ஆண்டின் சட்டங்கள் இடம் என்னும் கருத்தை மையமாகக் கொண்டவை. பொதுமக்கள் செல்லக்கூடிய ஓரிடம், அங்குள்ள சூதாட்டக் கருவிகள், அங்கு கைப்பற்றப்பட்ட பணம் ஆகியவற்றிலிருந்து குற்றத்தை ஊகிக்க இச்சட்டங்கள் இடமளிக்கின்றன. இணையக் கடையொன்றில் கணினிகளை வைத்துச் சூதாட்டம் நடத்தினால், அதனை இச்சட்டத்துக்குள் கொண்டுவருவது எளிது. தன் படுக்கையறையில் கைபேசியைக் கையில் வைத்திருப்பவர் பொதுச் சூதாட்ட இல்லத்தில் இருக்கின்றாரா என்பது கடினமான வினா.

இதனால் அரசுத்தரப்பு வேறு சட்டங்களையும் நாடுகின்றது. 1998 ஆம் ஆண்டின் தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டம் தளங்களை முடக்கவும், 2001 ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டம் வங்கிக் கணக்குகளையும் சொத்துக்களையும் முடக்கவும் பயன்படுகின்றன. முஸ்லிம் ஒருவர் இணையத்தில் சூதாடினால், சூதாடுதலே குற்றம் என்பதால் சரியா சட்டத்தில் இடம் பற்றிய சிக்கல் குறைவு. ஆனால் ஒருவரின் தனி அறையில் நடப்பதைக் கண்டறிவது சமய அதிகாரிகளுக்கும் எளிதன்று.

1953 ஆம் ஆண்டுச் சட்டங்களைத் திருத்தவேண்டும் என்பதை அடுத்தடுத்து வந்த அரசுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. 2019 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிகழ்த்தப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், சட்டவிரோதச் சூதாட்டத்துக்கான அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தும் முன்மொழிவும் இடம்பெற்றது.

தளங்களை முடக்குதல்

மலேசியத் தொடர்பு மற்றும் பல்லூடக ஆணையம், இணையச் சேவை வழங்குநர்கள் வாயிலாகத் தளங்களை முடக்குகின்றது. 2018 ஆம் ஆண்டு முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டதாகவும், அவற்றுள் 39% சூதாட்டத் தளங்கள் என்றும் ஆணையம் தெரிவித்தது. ஆயினும் ஒரு பெயர் முடக்கப்பட்டவுடன், எண்ணொன்றை மட்டும் மாற்றிய வேறு பெயரில் அதே தளம் மீண்டும் தோன்றுவது வழக்கம்.

2024 செப்டெம்பரில், வெளிநாட்டுக் களப்பெயர்ச் சேவைகளைப் பயன்படுத்தி முடக்கத்தைத் தாண்டிச் செல்வதைத் தடுப்பதற்காக, அவ்வேண்டுகோள்களை உள்ளூர் வழங்கிகளுக்குத் திருப்புமாறு சேவை வழங்குநர்கள் பணிக்கப்பட்டனர். தனியுரிமையும் பாதுகாப்பும் பாதிக்கப்படும் என்ற கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே இத்திட்டம் நிறுத்தப்பட்டது. சூதாட்டத் தளங்களைத் தடுக்க அமைக்கப்படும் கருவி, அரசைக் குறைகூறும் தளங்களைத் தடுக்கவும் பயன்படலாம் என்னும் ஐயமே இவ்வெதிர்ப்பின் அடிப்படையாக இருந்தது.

சமூக விளைவுகள்

சூதாட்டத்தின் விளைவுகளுள் மலேசியாவில் மிகத் தெளிவாகக் காணப்படுவது கடன் ஆகும். 1951 ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி உரிமம் பெறாமல் வட்டிக்கு விடுபவர்கள் ஆலோங் என அழைக்கப்படுகின்றனர். கடனைத் திருப்பித் தராதவரின் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவதும், வாயிலைச் சங்கிலியால் பூட்டுவதும் இவர்களது அறியப்பட்ட மிரட்டல் முறைகள். மலேசிய சீனர் சங்கத்தின் பொது முறைப்பாட்டுப் பிரிவு, ஆலோங்களிடம் சிக்கியவர்களைச் செய்தியாளர் முன்னிலையில் பலமுறை கொண்டுவந்துள்ளது. கடன்பட்டவரோடு, அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் மிரட்டப்படுவது இம்முறைப்பாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றது.

இணையவழிப் பந்தயம் இதனை இரு வகைகளில் மாற்றியுள்ளது. முதலாவது, குலுக்கலுக்கு வாரத்தில் சில நாட்களும், கெந்திங்குக்குச் செல்ல மலையேறும் பயணமும் தேவை. செயலிக்கு நேரமும் இல்லை, தொலைவும் இல்லை. ஒரு குலுக்கலுக்கும் மறு குலுக்கலுக்கும் இடையே இருந்த, தன்னை மீட்டுக்கொள்ளும் அவகாசம் மறைந்துவிடுகின்றது. இரண்டாவது, வாயிலில் நின்று அடையாள அட்டையைப் பார்ப்பவர் இல்லை. சட்டம் மிகக் கவனமாக வகுத்த வேறுபாடுகளான முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர், 21 வயதுக்கு மேல், கீழ் என்பன திரையின் முன் பொருளற்றுப் போகின்றன.

சூதாட்டத்தில் கட்டுப்பாட்டை இழத்தல் இன்று மருத்துவத்தில் ஓர் அடிமை நோயாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. முஸ்லிம் ஒருவர் உதவி தேடுவதில் கூடுதலான தடை ஒன்றும் உள்ளது. தன் நிலையை வெளியில் கூறுவது, குற்றத்தையும் பாவத்தையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதாக அவருக்குத் தோன்றும்.

சூதாட்ட வருவாயைப் பயன்படுத்துவதும் சர்ச்சைக்கு உரியது. 2010 ஆம் ஆண்டில் பினாங்கு மாநில அரசு முதியோருக்கு வழங்கிய உதவித்தொகையில் குதிரைப்பந்தயச் சங்கத்தின் பணம் கலந்துள்ளதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மாநில அரசு அதனை மறுத்தது. எனினும் முஸ்லிம் முதியோர் சிலர் பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்தனர்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அண்டை நாடான சிங்கப்பூர், 2014 ஆம் ஆண்டில் தொலைவழிச் சூதாட்டத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பொதுவாகத் தடை செய்து, 2016 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்துக்கு விலக்கு அளித்தது. 2022 ஆம் ஆண்டில் சூதாட்டக்கூடங்கள் நீங்கலான பிற சூதாட்டங்களை ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. உலகில் மிகுந்த முஸ்லிம் மக்கள்தொகையைக் கொண்ட இந்தோனேசியாவில் எல்லாருக்கும் சூதாட்டம் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் அங்கு இணையவழிச் சூதாட்டம் பெருகியதால் 2024 ஆம் ஆண்டில் சிறப்புப் பணிக்குழு அமைக்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2023 ஆம் ஆண்டில் வணிகச் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையம் ஒன்றை நிறுவி, அடுத்த ஆண்டில் லாட்டரி உரிமம் வழங்கியது. எனவே முஸ்லிம் நாடுகளின் அணுகுமுறை ஒரே தன்மையானதன்று. முழுத் தடை மட்டும் இணையவழிப் பந்தயத்தை நிறுத்திவிடுவதில்லை என்பதை இந்தோனேசியாவின் பட்டறிவு காட்டுகின்றது.

விவாதங்கள்

மலேசியாவில் முன்வைக்கப்படும் தீர்வுகள் மூன்று வகைப்படும்.

- தடையை வலுப்படுத்துதல்: பழைய சட்டங்களில் இணையத்தை வெளிப்படையாகச் சேர்த்து, தண்டனையை உயர்த்தி, பணம் செல்லும் வழியை அடைத்தல். இதற்கு அரசியல் எதிர்ப்புக் குறைவு. ஆனால் தண்டனை, வெளிநாட்டிலுள்ள நடத்துநரைக் காட்டிலும் உள்ளூர் முகவரையும் விளையாடுபவரையுமே சென்றடையும்.
- உரிமம் வழங்குதல்: முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும், அடையாளச் சரிபார்ப்புடன், இணையவழிப் பந்தயத்தை அனுமதித்து வரி பெறுதல். வயதையும் செலவையும் கட்டுப்படுத்த இது உதவலாம். ஆனால் 2010 ஆம் ஆண்டின் நிகழ்வு, இதற்கான அரசியல் விலை எவ்வளவு என்பதைக் காட்டியது.
- தேவையைக் குறைத்தல்: கடன் ஆலோசனை, சிகிச்சை, பள்ளிகளில் நிகழ்தகவு பற்றிய கல்வி ஆகியவற்றை விரிவாக்குதல். இதற்கு எத்தரப்பிலும் எதிர்ப்பில்லை. எனினும் வாக்குகளையோ வருவாயையோ தராததால் பின்தள்ளப்படுகின்றது.

முதலிரண்டு வழிகளும் சூதாட்டத்தை யார் நடத்துவது என்பதையும், மூன்றாவது வழி அதனால் யார் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் கருத்தில் கொள்கின்றன. மலேசியாவின் சட்டங்கள் இதுவரை நடத்துபவர், இடம், சமயம் ஆகியவற்றைக் கொண்டே சூதாட்டத்தை வகைப்படுத்தி வந்துள்ளன. இம்மூன்றையும் மறைத்துவிடக்கூடிய ஒரு கருவி ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் உள்ள காலத்தில், அவ்வகைப்பாடு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதே இவ்விவாதத்தின் மையமாக உள்ளது.